பூமியை நம்பி நேரம் வைக்க முடியாது

ஒரு நாளை 86,400 ஆகப் பங்கு போட்டால் அதில் ஒன்றுதான் நொடி. 1950கள் வரை விஞ்ஞானிகளும் இதைத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் பூமி ஒரே சீராகச் சுற்றுவதில்லை. நிலவு இழுப்பதால் எழும் கடல் ஓதம் அதற்கு பிரேக் போடுகிறது. காற்றோட்டம் மாறினாலும் நாளின் நீளம் ஒரு துளி மாறும். 1930களில் வந்த நல்ல குவார்ட்ஸ் கடிகாரங்கள் இந்தக் குட்டை உடைத்தன.

1955இல் இங்கிலாந்தின் டெடிங்டனில், தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் லூயிஸ் எஸ்ஸனும் ஜாக் பாரியும் சீசியம் அணுக் கடிகாரத்தை ஓடவிட்டார்கள். அணுக் கடிகாரம் என்றதும் அணு டிக் டிக் என்று அடிக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். அடிப்பது குவார்ட்ஸ்தான், அணு அதற்கு மேஸ்திரி. சீசியம் அணுவுக்கு மிக நெருக்கமான இரண்டு ஆற்றல் நிலைகள் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ, மிகச் சரியான அதிர்வெண் உள்ள நுண்ணலை வேண்டும். பழைய ரேடியோவில் குமிழைத் திருகி நிலையம் பிடிப்போமே, அந்த மாதிரி. குவார்ட்ஸை வைத்து நுண்ணலையை உண்டாக்கி அணுக்கள் மீது பாய்ச்சுகிறார்கள். எத்தனை அணுக்கள் தாவின என்று ஒரு கருவி பார்க்கிறது. எண்ணிக்கை குறைந்தால் குவார்ட்ஸ் தடம் மாறிவிட்டது என்று அர்த்தம். உடனே திருத்தம் போகும். பூமியைப் போல சீசியம் அணு வயதாகித் தளர்வதில்லை. எந்த நாட்டில் எடுத்தாலும் ஒரே அணுதான்.

சரி, அந்த நுண்ணலைக்கு ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு? 9,192,631,770. அதை எஸ்ஸனும் அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் வில்லியம் மார்க்கோவிட்ஸும் நிலவின் நகர்வோடு மூன்று ஆண்டுகள் ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள். 1967இல் அதுவே நொடியின் வரையறை ஆனது.

எனக்கு மிகவும் பிடித்த வேடிக்கை இதில்தான் இருக்கிறது. அவர்கள் ஒப்பிட்ட வானியல் நொடி, 18, 19ஆம் நூற்றாண்டு வானாய்வுகளை வைத்து அமெரிக்க வானியலாளர் சைமன் நியூகோம்ப் போட்ட அட்டவணைகளிலிருந்து வந்தது. ஆக, நம் கைபேசி காட்டும் அதிநவீன நொடி, கிட்டத்தட்ட 1820ஆம் ஆண்டுப் பூமிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை! அதற்குப் பிறகு நாள் மில்லிநொடிக் கணக்கில் நீண்டதால் சட்டை பொருந்தவில்லை. அதனால்தான் 1972 முதல் அவ்வப்போது ஒரு 'லீப் நொடி' சேர்த்தார்கள், இதுவரை 27. கடைசியாகச் சேர்த்தது 2017 ஜனவரி 1 அதிகாலை, நம்மில் பலர் தூங்கிக்கொண்டிருந்தபோது. இந்திய நேரம் 5:29:59க்குப் பிறகு 5:29:60 என்று ஒரு நொடி வந்து போனது.

ஜிபிஎஸ்ஸுக்கு இந்தத் துல்லியம் இல்லாமல் முடியாது. நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால், தூரத்தில் சுமார் 30 செ.மீ. தவறும். அதே சமயம், திடீரென்று நுழையும் லீப் நொடி கணினிக்காரர்களுக்குத் தலைவலி. அதனால் 2035க்குள் இந்த வழக்கத்தை மாற்ற 2022இல் முடிவெடுத்தார்கள். பூமியோ, சில ஆண்டுகளாகக் கொஞ்சம் வேகமாகச் சுற்றுகிறது. இப்படியே போனால், அதற்கு முன்பே ஒரு நொடியைக் கழிக்க வேண்டி வரலாம். அதை யாரும் இதுவரை செய்து பார்த்ததில்லை.