சொந்த மரத்தில் டீப்பாய்: பலகை காயும்வரை பொறுங்கள்

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையையும், 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களையும் புரட்டிப்போட்ட பிறகு, விழுந்த மரத்தை விறகுக்குத் தள்ள மனம் வராமல், அதிலேயே வீட்டுக்கு ஏதாவது செய்துகொள்ள வேண்டும் என்று கேட்டு வருவோர் பெருகியிருக்கிறார்கள். செயின் சாவில் சட்டம் ஒன்றைப் பொருத்தினால், மரம் கிடக்கும் இடத்திலேயே அதை இரண்டு அங்குலக் கனத்தில் பலகைகளாக அறுத்துவிட முடிகிறது. அப்படி அறுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் நினைப்பது டீப்பாய்தான். ஒரே பலகை, நான்கு கால். பார்வைக்கு எளிய வேலை. ஆனால் பழுது பார்க்க எங்கள் பட்டறைக்கு வரும் இத்தகைய டீப்பாய்களில் நான் திரும்பத் திரும்பக் காணும் காரணம் ஒன்றே: பலகை காய்வதற்கு முன்பே இழைப்புளியை எடுத்துவிட்டார்கள்.

பச்சை மரத்தில் நீர் இரண்டு விதமாக இருக்கிறது. நார்க்குழல்களின் உள்ளே தேங்கியிருக்கும் நீர் முதலில் வெளியேறும். அது போகும்போது பலகையின் எடை குறையுமே தவிர அளவு மாறாது. ஈரப்பதம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் குழல்களின் சுவரில் ஊறியிருக்கும் நீர் வெளியேறத் தொடங்குகிறது. மரம் சுருங்குவது அதற்குப் பிறகுதான். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. நீளவாக்கில் சுருக்கம் பொருட்படுத்தத் தக்கதன்று. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஓரளவு சுருங்கும். ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் பொதுவாக அதைப்போல இரு மடங்கு சுருங்கும். அதிகம் அசையாத மரம் என்று பெயரெடுத்த தேக்கே, பச்சையிலிருந்து முற்றிலும் காயும்போது வளையத் திசையில் 5.8 சதவீதம் வரை குறைகிறது. இரண்டடி அகலத் தேக்குப் பலகை பச்சையிலிருந்து 12 சதவீத ஈரத்துக்கு வரும்போது அகலத்தில் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் குறையலாம். எந்தத் திருகாணியாலும், எந்தப் பசையாலும் அதைத் தடுத்து நிறுத்த முடியாது.

அண்மையில் வந்த ஒரு மாமரத் டீப்பாயைச் சொல்கிறேன். மழைக்காலத்தில் அறுத்து, பொங்கலுக்குள் செய்து முடித்திருந்தார்கள். கால்களுக்கு இரும்புச் சட்டம் வெல்டிங் செய்து, அதில் துளையிட்டு, பலகையின் இரு ஓரங்களையும் திருகாணியால் இறுக்கியிருந்தார்கள். சித்திரை வெயிலில் பலகை உள்நோக்கிச் சுருங்க முயன்றிருக்கிறது, இரும்பு விடவில்லை. நடுக்குருத்தை, அதாவது மரத்தின் நட்ட நடுவில் ஓடும் மென்மையான மையத்தை, ஒட்டி ஒரு முனையிலிருந்து பாதி நீளம் வரை, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. அடிப்புறத்தைப் பார்த்தபோது திருகாணிகள் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, அவற்றின் துளைகள் நீண்டு போயிருந்தன. மரத்திலும் குறையில்லை, வெல்டிங்கிலும் குறையில்லை.

காயவைக்கும் வேலை அறுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. நடுக்குருத்து ஒரு பலகையின் நடுவே வருமாறு அறுத்தால் அந்தப் பலகை அநேகமாக வெடிக்கும். குருத்தை மெல்லிய துண்டாகத் தனியே ஒதுக்கிவிட்டு, இரு பக்கமும் எடுக்கும் பலகைகளை வைத்துக்கொள்ள வேண்டும். செயின் சா ஒவ்வோர் அறுப்பிலும் 8 மில்லிமீட்டர் அளவுக்கு மரத்தைத் தூளாக்கும். காயும்போது பலகை முறுக்கினால் இழைத்துச் சமன் செய்யவும் கனம் வேண்டும். ஒன்றரை அங்குல டீப்பாய்க்கு இரண்டே கால் அங்குலம் அறுப்பதே பாதுகாப்பு. வீட்டு மரங்களில் கொடிக்கயிற்றுக்கு அடித்த ஆணியும் ஊஞ்சல் கொக்கியும் பட்டைக்குள் புதைந்திருக்கும். வாள்முனையின் மேற்பகுதி எதிலாவது முட்டினால் இயந்திரம் முகத்தை நோக்கி எகிறும். பழகியவரை வைத்தே அறுப்பது நல்லது. சந்தனமோ ஈட்டியோ என்றால், சொந்த நிலத்தில் விழுந்திருந்தாலும், வனத்துறையைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது.

அறுத்த அன்றே பலகையின் இரு முனைகளுக்கும் மெழுகோ கெட்டியான பெயின்டோ பூசிவிடுங்கள். பக்கவாட்டை விட முனை வழியாக நீர் பல மடங்கு விரைவாக வெளியேறுவதால்தான் முனைகளில் முதலில் வெடிப்பு விழுகிறது. பிறகு தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், சமமான தாங்கிகளின் மேல் அடுக்க வேண்டும். ஒவ்வொரு பலகைக்கும் இடையில் ஓர் அங்குலச் சதுரமுள்ள காய்ந்த ரீப்பர்களை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வைக்க வேண்டும். மேல் அடுக்கின் ரீப்பர் கீழ் அடுக்கின் ரீப்பருக்கு நேர் மேலே இருக்க வேண்டும். ரீப்பர் விலகிய இடத்தில் பலகை வளையும். உச்சியில் கனமான கற்களை ஏற்றிவையுங்கள். மழையும் நேர் வெயிலும் படாமல், காற்று மட்டும் ஊடுருவும் கொட்டகை போதும். அக்கினி நட்சத்திர நாட்களின் அனல்காற்றும், ஆடி மாதக் காற்றும் நேராக அடிக்கும் பக்கத்தில் சாக்கைத் தொங்கவிட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும். மேல்தோல் விரைந்து காய்ந்து உள்ளே ஈரம் நின்றால் பலகை பிளக்கும்.

எவ்வளவு காலம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது தச்சர்களிடையே வழங்கும் பழைய கணக்கு; நம் வெப்பத்தில் அதைவிடக் குறையலாம். மாதக் கணக்கை நான் நம்புவதில்லை, எடையை நம்புகிறேன். ஒரே பலகையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடைபோட்டுச் சுவரில் எழுதிவாருங்கள். எடை இறங்குவது நின்றால் பலகை அந்தக் கொட்டகையின் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். ஊசி வைத்த ஈரமானி வாங்கினால் மேற்பரப்பில் மட்டும் குத்திப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு முனையில் ஓரடி வெட்டியெறிந்து, புதிதாகத் தெரியும் முகத்தின் நடுவில் குத்திப் பாருங்கள். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் உள்ள ஊரில் மரம் ஏறத்தாழ 12 சதவீதத்தில் நிற்கும். கடலோரத்தில் அது 15 வரை போகும். எப்போதும் ஏசி ஓடும் அறையில் 9 அல்லது 10. ஆகவே கொட்டகையில் காய்ந்த பலகையைச் சில வாரம் டீப்பாய் நிற்கப்போகும் அறையிலேயே வைத்திருந்து, அதன் பிறகு இழைப்பதே முறை.

காய்வதற்குக் காத்திருக்கும் காலத்தில் மரம் உளுத்துப்போகும் ஆபத்தும் உண்டு. மா, ரப்பர் போன்ற மரங்களிலும், எந்த மரத்திலும் வைரம் பாயாத வெள்ளைப் பகுதியிலும் மாவுச்சத்து இருக்கும். அதைத் தின்னும் சிறு வண்டுகள் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் துளையிட்டு மைதா போன்ற தூளைக் கொட்டும். மரத்தை மாதக்கணக்கில் குளத்தில் ஊறப்போட்ட முன்னோர் வழக்கம் அந்தச் சத்தைக் கரைத்து வெளியேற்றுவதற்கே உதவியது. இன்று போராக்ஸும் போரிக் அமிலமும் ஏறக்குறைய மூன்றுக்கு இரண்டு என்ற அளவில் கலந்து, வெந்நீரில் கரைத்து, பலகை பச்சையாக இருக்கும்போதே நன்கு பூசிச் சில வாரம் பாலித்தீனால் மூடிவைத்தால் உப்பு ஈரத்தின் வழியே உள்ளே இறங்கும். காய்ந்த பிறகு பூசினால் மேலோடு நின்றுவிடும். கையுறை அவசியம், கரைசல் குழந்தைகளுக்கு எட்டக் கூடாது. வேம்பு, பூவரசு, பலா ஆகியவற்றின் வைரப்பகுதிக்கு இந்தக் கவலை குறைவு. முதல்முறை செய்பவருக்குப் பூவரசு கிடைத்தால் அதையே சொல்வேன். அதிகம் முறுக்காத மரம் அது.

இழைக்கும்போதும் உப்புத்தாள் போடும்போதும் முகக்கவசம் கட்டாயம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995இலேயே வகைப்படுத்தியிருக்கிறது. வாகை மரத்தூள் உடனடியாகவே தும்மலை வரவழைக்கும்.

நன்றாகக் காய்ந்த பலகையும் ஐப்பசி மழையில் சற்று விரிந்து, கோடையில் சற்று சுருங்கும். இரண்டடி அகலத்தில் நான்கைந்து மில்லிமீட்டர் வரை இந்த அசைவு இருக்கும். இதற்கு இடம் கொடுக்க வேண்டும்: இரும்புச் சட்டத்தின் துளைகளைப் பலகையின் அகலத்திசையில் நீளத்துளைகளாக இடுங்கள், நடுவில் உள்ள திருகாணியை மட்டும் இறுக்கி, ஓரத் திருகாணிகளை வாஷருடன் நகரும்படி விடுங்கள். வார்னிஷோ எண்ணெயோ, மேற்புறத்துக்குப் பூசியதை அதே அளவில் அடிப்புறத்துக்கும் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் மூடினால் பலகை கிண்ணம்போல் வளையும். ஈரப்பலகையில் எபாக்சிப் பிசின் ஊற்றுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. மரம் பின்னர் சுருங்கும்போது பிசின் விளிம்பிலிருந்து பிரிந்து நிற்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். நீரில் நனைத்தோ, வெளியில் விரித்துக் காயவைத்தோ பிறகு அப்புறப்படுத்துங்கள்.

ஏற்கெனவே செய்து முடித்த டீப்பாயில் வெடிப்பு தொடங்கியிருந்தால், உடனே பசையும் மரத்தூளும் கலந்து அடைக்க வேண்டாம். இன்னும் சுருங்கும் பலகை பக்கத்தில் வேறோர் இடத்தில் பிளக்கும். முதலில் திருகாணிகளைத் தளர்த்திப் பலகையை விடுவியுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்து, எடை நிலைத்த பிறகு, வெடிப்பின் குறுக்கே நன்கு காய்ந்த மரத்தில் உடுக்கை வடிவக் கட்டைகளை முக்கால் அங்குல ஆழத்துக்குப் பதித்து, மேலே சமமாக இழைத்துவிடலாம்.