துளை திறந்திருக்கிறது, தண்ணீர் ஏன் போகவில்லை?

வாசகர் ஒருவரின் கேள்வி: "சின்னப் படகு. மழை விட்ட மறுநாளும் காக்பிட்டில், அதாவது ஆட்கள் உட்காரும் பள்ளத்தில், மூன்று விரற்கடை தண்ணீர் நிற்கிறது. வடிகால் துளையில் கம்பி விட்டுப் பார்த்தேன், அடைப்பு இல்லை. நான் ஏறி உட்கார்ந்தால் தண்ணீர் இன்னும் கூடுகிறது. ஓட்டையா?"

ஓட்டையாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஆள் ஏறினால் தண்ணீர் கூடுகிறது என்பதிலேயே விடை இருக்கிறது.

தானே வடியும் காக்பிட்டின் தளம் வெளி நீர்மட்டத்தைவிடச் சற்று உயரத்தில் இருக்கும். தளத்தின் மூலையிலிருந்து ஒரு ஹோஸ் இறங்கி, வால்வு வழியாகப் படகின் உடலைத் துளைத்து வெளியே போகும். வெளிவாய் பல படகுகளில் தண்ணீருக்கு அடியிலேயே இருக்கும். பள்ளியில் படித்த இணைந்த பாத்திரங்கள்தான். ஒரு பாத்திரம் காக்பிட், இன்னொன்று கடல் அல்லது ஏரி. இரண்டிலும் நீர்மட்டம் சமமாகப் பார்க்கும்.

எவ்வளவு வேகமாக வடியும் என்பதை இத்தாலிய அறிவியலாளர் டாரிசெல்லி 1644-இல் வெளியிட்ட விதி சொல்லிவிடுகிறது. வேகம், காக்பிட் நீர்மட்டத்துக்கும் வெளி நீர்மட்டத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. வித்தியாசம் 10 செ.மீ. என்றால் நொடிக்கு 1.4 மீட்டர். 25 மி.மீ. உள்விட்டமுள்ள ஹோஸில், துளை வாயில் ஏற்படும் இழப்பைக் கழித்தால், நிமிடத்துக்குச் சுமார் 25 லிட்டர். ஹோஸின் உராய்வில் பாதி போனாலும் 12 லிட்டர் மிஞ்சும். மணிக்கு 60 மி.மீ. கொட்டும் பெருமழையில் 3 சதுர மீட்டர் பரப்பில் விழுவது நிமிடத்துக்கு 3 லிட்டர்தான். ஆக, மழைக்கு ஒற்றை ஹோஸே தாராளம். பெரிய துளை தேவைப்படுவது, அலை ஒன்று காக்பிட்டை ஒரே மூச்சில் நிரப்பும்போதுதான். அதற்கென்றே ஐஎஸ்ஓ 11812 என்ற தரநிலை இருக்கிறது. இங்கே அது வேண்டாம்.

சூட்சுமம் அந்த உயர வித்தியாசத்தில் இருக்கிறது. வீட்டு மொட்டைமாடியில் அது மாறாது. படகு மிதக்கிறது, பாரம் ஏறினால் தாழும், தாழ்ந்தால் வித்தியாசம் சுருங்கும்.

நீர்மட்டத்தில் படகின் குறுக்குப் பரப்பு 6 சதுர மீட்டர் என்று கொள்வோம். 60 கிலோ ஏற்றினால் 1 செ.மீ. தாழும். காக்பிட்டின் பரப்பு 2 சதுர மீட்டர். அதில் 1 செ.மீ. மழைநீர் தேங்கினால் 20 கிலோ. படகு மூன்றில் ஒரு செ.மீ. தாழும். காக்பிட் பின்பக்கம் இருப்பதால் அந்த முனை இன்னும் அதிகமாக, ஏறக்குறைய 0.7 செ.மீ. இறங்கலாம். ஆனால் உள்ளே நீர்மட்டம் ஏறியது 1 செ.மீ. இன்னும் 0.3 செ.மீ. லாபம்! மழை எவ்வளவு பெய்தாலும் காக்பிட் நீர் தன்னைத் தானே வெளியே தள்ளிக்கொள்ளும். வடிய வடியப் படகும் எழும். துளையும் ஹோஸும்தான், மோட்டார் கிடையாது. எத்தனை முறை கணக்குப் போட்டாலும் அலுக்காத விஷயம் இது.

அதே 20 லிட்டர் காக்பிட்டில் நிற்காமல், காக்பிட்டில் உள்ள சாமான் பெட்டி மூடியின் இடுக்கு வழியாகக் கசிந்து, படகின் அடிவயிறான பில்ஜுக்குப் போனால்? படகு தாழும், காக்பிட் மட்டம் ஏறாது. முழு நஷ்டம். இப்படிச் சில மழைகள் சேர்ந்தால் தளம் வெளி நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடும். பிறகு வடிகால் வழியாகவே வெளித் தண்ணீர் உள்ளே வரும். அது மூடியின் விளிம்பைத் தொட்டால் பில்ஜுக்குள் இறங்கும், படகு இன்னும் தாழும், இன்னும் வரும். கட்டிவைத்த இடத்திலேயே படகு மூழ்குவதற்கு இது போதும். வாசகர் ஏறி உட்கார்ந்ததும் அதே வகைப் பாரம்தான்.

சோதனை எளிது. வால்வை மூடுங்கள், காக்பிட்டைத் துணியால் ஒற்றி எடுங்கள், படகில் ஏறாமல் எட்டி நின்றே வால்வைத் திறக்க முடிந்தால் நல்லது. துளையில் தண்ணீர் மேலேறி வந்தால் தளம் தாழ்ந்துவிட்டது. வரவில்லை என்றால், ஹோஸ் நேராக இறங்கும் படகில் காய்ந்த குச்சி ஒன்றைத் தண்ணீரைத் தொடும்வரை விட்டு எடுங்கள். தளத்துக்கும் ஈரத்துக்கும் இடையே காய்ந்திருக்கும் நீளமே உங்கள் கையிருப்பு. ஆளில்லாத படகில் அது 5 செ.மீ.க்குக் குறைந்தால் நம்ப வேண்டாம். முதலில் பில்ஜை இறைத்து, மூடிகளின் ரப்பர் விளிம்பை மாற்றி, பின்பக்கத்து பேட்டரி, எரிபொருள் கேன் போன்றவற்றை முன்னே நகர்த்துங்கள். துளையைப் பெரிதாக்கினால் தண்ணீர் உள்ளே வரும் வேகம்தான் கூடும்.

அடைப்பைப் பற்றியும் கொஞ்சம். தட்டையான சல்லடைமேல் ஒரே ஒரு இலை படிந்தால் போதும். கீழே ஹோஸில் 20 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் தொங்கினால், 38 மி.மீ. துளையில் அது இலையைக் கால் கிலோ எடைக்குச் சற்றுக் குறைவான விசையோடு கீழே இழுத்துப் பிடிக்கும். குமிழ்போல் மேலெழுந்த சல்லடை போடுங்கள். உச்சியை இலை மூடினாலும் பக்கவாட்டில் தண்ணீர் போகும். துளை வாயில் குறுக்காக ஒரு தகடு இருந்தால் சுழலும் உடையும். சுழலின் நடுவே காற்று இறங்கினால் அந்த அளவுக்குத் தண்ணீரின் வழி குறைகிறதல்லவா?

சுழல் என்றதும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒரு திசை, தெற்கே மறுதிசை என்ற கதை வந்துவிடும். வடிகாலில் திசையைத் தீர்மானிப்பது தளத்தின் சரிவும் தண்ணீரின் முந்தைய அசைவும்தான். பூமியின் சுழற்சியைக் காண அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ஆஷர் ஷப்பிரோ 1962-இல் 1.8 மீட்டர் அகலத் தொட்டியில் தண்ணீரை ஒரு நாள் முழுக்க அசையாமல் வைக்க வேண்டியிருந்தது. இதற்கெல்லாமா ஆராய்ச்சிப் பணம் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பொய்யை இவ்வளவு மலிவாக ஒழிக்க வேறு வழி தெரியவில்லை.

ஹோஸ் முழு நீளமும் இறங்கிக்கொண்டே போக வேண்டும். நடுவே தொய்ந்தால் சேறு தங்கும். மழைக்காகவே இருப்பதால் படகை விட்டுப் போகும்போதும் வால்வைத் திறந்துதான் வைக்க வேண்டும். அப்படியானால் விரிசல் விட்ட ஹோஸ் என்பது படகின் அடியில் திறந்த ஓட்டை. இரு முனையிலும் இரண்டிரண்டு துருப்பிடிக்காத கிளிப். விரலால் அழுத்தினால் வெடிப்பு தெரியும் ஹோஸை அன்றே மாற்றுங்கள். வெளித் தண்ணீர் உள்ளே வராமல் தானே மூடிக்கொள்ளும் ரப்பர் நாக்கு வால்வை நம்பி இதைத் தள்ளிப்போட வேண்டாம். ஒரு சுள்ளி சிக்கினாலே நாக்கு மூடாது.