குடித்துவிட்டு ஓட்டியவர் மோதினால் நஷ்டஈடு கிடைக்குமா?

“ஓட்டுனவன் குடிச்சிருந்தான்னு எழுதிட்டா இன்சூரன்ஸ் பணம் வராதுங்க. பேசாம ஒரு தொகையை வாங்கிக்கிட்டு முடிச்சுக்குங்க.” விபத்தில் ஆளைப் பறிகொடுத்தவர்களிடம் இப்படிச் சொல்ல, காவல் நிலைய வாசலிலோ பிணவறை வாசலிலோ யாராவது ஒருவர் வந்து நிற்பார். அழுது ஓய்ந்திருக்கும் குடும்பமும் பல நேரம் தலையாட்டிவிடுகிறது. அவர் சொன்னது தவறு. ஓட்டியவர் குடித்திருந்தார் என்பதற்காக அடிபட்டவரின் நஷ்டஈடு பறிபோகாது.

எப்படி என்று பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டப்படி எந்த வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அது ஓட்டுபவரைக் காப்பாற்ற வந்ததல்ல, சாலையில் போகிற மற்றவர்களுக்காக வந்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, 150-வது பிரிவில் குடிபோதையும் பாலிசி நிபந்தனை மீறலாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. காப்பீட்டு நிறுவன வக்கீல் இதைக் கட்டாயம் எடுத்து வாதாடுவார். அது நிறுவனத்துக்கும் வண்டி உரிமையாளருக்கும் இடையிலான கணக்கு. நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்பதுதான் நீதிமன்றங்கள் இத்தகைய வழக்குகளில் எடுத்துவரும் நிலை. கோர்ட் வட்டாரத்தில் இதை ‘பே அண்ட் ரெக்கவர்’ என்பார்கள். குடித்து ஓட்டியவர் தன் காரின் சேதத்துக்குக் கேட்கும் கிளெய்ம்தான் அடிபடும். டெல்லி இந்தியா கேட் அருகே 2007 டிசம்பரில் மோதி நொறுங்கிய ஒரு போர்ஷே கார் வழக்கில், சேதத்துக்குப் பணம் தர மறுத்த நிறுவனத்தின் பக்கமே உச்ச நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் மூச்சுப் பரிசோதனையே நடக்கவில்லை. ஓட்டியவரிடம் மது வாடை இருந்ததாக முதல் தகவல் அறிக்கையிலும் மருத்துவப் பதிவிலும் இருந்த குறிப்பு கணக்கில் எடுக்கப்பட்டது.

அந்தக் குறிப்பின் மதிப்பை மறக்க வேண்டாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் 185-வது பிரிவின்படி குற்றம். முதல் முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். ஆனால் நேரம் போகப் போக ரத்தத்தில் அளவு இறங்கிவிடும். இந்தப் பிரிவில் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் விடுவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே உறவினர்களில் நிதானமாக இருக்கும் ஒருவர் அன்று இரவே விசாரணை அதிகாரியிடம், “டிரைவருக்கு ஊதிப் பார்த்தீங்களா, ரத்தம் எடுத்தீங்களா?” என்று கேட்டுவிட வேண்டும். அவருக்கும் அடிபட்டிருந்தால், அரசு மருத்துவமனையின் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் டாக்டர் என்ன எழுதினார் என்பது முக்கியம். நஷ்டஈட்டுக்கு ஓட்டியவரின் அஜாக்கிரதையை நிரூபித்தாலே போதும், குடிபோதையை நிரூபித்தே ஆக வேண்டியதில்லை. இருந்தும் அந்த ஒரு வரி, கிரிமினல் வழக்கிலும் நஷ்டஈட்டு வழக்கிலும் கை கொடுக்கும்.

முதலில் உயிர்

தமிழ்நாட்டில் விபத்து நடந்தால் 108-ஐ அழைத்தவுடன் நினைவுக்கு வர வேண்டியது ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய திட்டம். முதல் 48 மணி நேரத்துக்கு, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமில்லாச் சிகிச்சை. தொடங்கியபோது ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்றும் 81 வகைச் சிகிச்சைகள் என்றும் வரையறுத்தார்கள். காப்பீட்டு அட்டை கேட்க மாட்டார்கள். அடிபட்டவர் வெளி மாநிலத்தவராக இருந்தாலும் வெளிநாட்டவராக இருந்தாலும் திட்டம் பொருந்தும். இது தவிர, விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாட்களுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை ரொக்கமில்லாச் சிகிச்சை தரும் மத்திய அரசுத் திட்டம் 2025 மே மாதம் அறிவிக்கையானது. “அட்வான்ஸ் கட்டுங்க” என்று சொன்னால், இந்த இரண்டின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

அடிபட்டவரைத் தூக்கிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவருக்கும் பாதுகாப்பு இருக்கிறது. தன் உறவுக்காரப் பையனை 2007-ல் சாலை விபத்தில் இழந்த பியூஷ் திவாரி, மறு ஆண்டு தொடங்கிய தொண்டு நிறுவனம் சேவ்லைஃப் ஃபவுண்டேஷன். அது தொடுத்த வழக்கில்தான் 2016 மார்ச் 30 அன்று, உதவ வருபவரைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் சட்ட வலு கொடுத்தது. 2019-ல் அது 134ஏ பிரிவாகச் சட்டத்துக்குள்ளேயே வந்தது. உங்கள் பெயர், முகவரி சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. சேர்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். நம் ஊர்க்காரர் செய்ததையும் இங்கே சொல்ல வேண்டும்: நெடுஞ்சாலை ஓர மதுக்கடைகளுக்கு எதிராக வழக்கறிஞர் கே. பாலு நடத்திய வழக்கில்தான், 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று 2016 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பின்னால் நகர எல்லைகளுக்கு விலக்கு தந்து அதன் வீச்சைக் குறைத்துவிட்டார்கள். எனக்கு அதில் இன்றும் வருத்தம்தான்.

எவ்வளவு கிடைக்கும்?

இங்கேதான் அவசரப்பட்டு ஏமாறுகிறார்கள். 164-வது பிரிவில் யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே உயிரிழப்புக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் வாங்கலாம். சுலபமான வழி. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால், 166-வது பிரிவின் கீழ் முழு நஷ்டஈடு கேட்கும் மனு காலாவதியாகிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 வயது கொத்தனார், மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தார் என்று, விபத்து நஷ்டஈட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்கிறது. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நால்வர் அவரை நம்பி இருந்தார்கள். நாற்பது வயதுக்குக் கீழே சுயதொழில் என்பதால், எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 1,89,000. இந்த ஆண்டுத் தொகையைப் பெருக்குவதற்கு அந்த வயதுக்கு உரிய எண், அதாவது பெருக்கெண், 16. ஆக 30,24,000 ரூபாய். ஈமச் செலவு போன்றவை இதற்கு மேல். சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) ஆகிய இரு தீர்ப்புகளில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி இது. ஸ்டேஷன் வாசலில் பேசும் தொகையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தவிர, அஜாக்கிரதையால் மரணம் விளைவித்த வழக்கு இரு தரப்பும் சமரசமாகி முடித்துக்கொள்ளக்கூடிய ஒன்றே அல்ல.

இறந்தவரோ அடிபட்டவரோ குடித்திருந்தால்? அவருடைய போதையும் விபத்துக்குக் காரணமானது என்று எதிர்த்தரப்பு நிரூபித்தால் தொகையில் ஒரு பங்கைக் குறைப்பார்கள். குடித்திருந்தார் என்பது மட்டும் போதாது.

இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் தனித் திட்டம் இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய். தாசில்தார் அல்லது கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தால் அது மாவட்ட ஆட்சியருக்குப் போகும்.

கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்

2022 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, போலீசார் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். 10 நாளுக்குள் உங்கள் உரிமைகளை விளக்கும் படிவத்தை உங்களிடம் தர வேண்டும். 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கை. இந்தப் படிவம் தானாக வீடு தேடி வரும் என்று காத்திருக்காமல் நேரில் போய்க் கேளுங்கள். முதல் தகவல் அறிக்கை நகல் இலவசம். அதோடு ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் நகல், போஸ்ட்மார்ட்டம் அறிக்கை அல்லது காயச் சான்று, மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, வாரிசுச் சான்றிதழ், வருமானத்துக்கு ஏதாவது ஓர் ஆதாரம். நலவாரிய அட்டை, கூலி வரவான வங்கிக் கணக்கு, மேஸ்திரியின் நோட்டுப் புத்தகம் எதுவானாலும் பத்திரப்படுத்துங்கள். வண்டி எண் தெரிந்தால் எம்பரிவாகன் செயலியில் காப்பீடு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். இல்லையென்றால் கலங்க வேண்டாம். அந்த வண்டியை ஏலம் விட்டுத் தொகையைத் தீர்ப்பாயத்தில் கட்டச் சொல்லும் ஏற்பாட்டை எல்லா மாநிலங்களும் செய்ய வேண்டுமென 2018-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதனால் வண்டியை விடுவிக்கும் முன்பே ஆட்சேபம் தெரிவித்து எழுதிக் கொடுங்கள்.

மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலும் போடலாம். ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்கிறது சட்டம். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறதென்று யாராவது சொல்வார்கள். அதை நம்பிக் கிடப்பில் போடாதீர்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லாவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் எனக்கு என்று வழக்கறிஞர் பேசுவது பார் கவுன்சில் விதிக்கு விரோதம். எந்த வெற்றுத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்குக்காகத் தொடங்கும் வங்கிக் கணக்கின் பாஸ்புக், காசோலைப் புத்தகம், ஏடிஎம் அட்டை மூன்றும் உங்கள் வீட்டுப் பீரோவிலேயே இருக்கட்டும்.