திருத்தியது போதும், அனுப்பி வையுங்கள்

சென்ற மாதம் ஒரு சிறுகதையின் பதினெட்டாவது வரைவு என் பார்வைக்கு வந்தது. எழுதியவர் ஒரு தாதி. இரவுப் பணி முடிந்து வீடு திரும்பிய பின் எழுதுபவர். சிங்கப்பூரின் தங்கமுனை விருது என்ற எழுத்துப் போட்டிக்கு அனுப்பத்தான் அந்தக் கதையைத் தொடங்கினார். "இன்னும் ஒரே ஒரு முறை பார்த்துவிடுகிறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே இறுதி நாள் கடந்துவிட்டது. 1993இல் தொடங்கிய அந்தப் போட்டி ஈராண்டுக்கு ஒருமுறை நடப்பது. இந்த ஆண்டில் இவ்வாறு என்னிடம் வந்தவர்களில் அவர் நான்காமவர் என்பதால், பொறுக்க முடியாமல் இதை எழுதுகிறேன்.

திருத்தத் திருத்தக் கதை செம்மையாகிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கை தவறானது. முதல் இரண்டு, மூன்று வரைவுகளில் கதை எங்கே தொடங்க வேண்டும், யாருடைய பார்வையில் நகர வேண்டும், எந்தப் பாத்திரம் தேவையில்லை என்பவை தெளிவாகின்றன; அடுத்த ஓரிரு வரைவுகளில் வாக்கியங்கள் இறுகுகின்றன. அதன்பின் 'சொன்னாள்' என்பது 'கூறினாள்' ஆகி, ஒரு வாரம் கழித்து மீண்டும் 'சொன்னாள்' ஆகிறது. எடுத்த காற்புள்ளி திரும்ப வருகிறது. உழைப்பு உண்மையானது, ஆனால் கதை நின்ற இடத்திலேயே நிற்கிறது. பிறர் தம்மிடம் குறையின்மையை எதிர்பார்க்கிறார்கள் என்ற எண்ணத்தால் எழும் பரிபூரணவாதத்தை, உளவியலாளர்கள் ஹியூவிட்டும் ஃபிளெட்டும் 1991இலேயே தனி வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். என்னிடம் வருபவர்களில் பலரை வருத்துவது அந்த எண்ணமே.

கதை நின்ற இடத்தில் நின்றாலாவது பரவாயில்லை. பல நேரங்களில் அது பின்னோக்கிப் போகிறது. அந்தத் தாதியின் நான்காவது வரைவில், தாயார் புளோக்கிலிருந்து இறங்கி, கோப்பிக்கடையில் 'கோப்பி ஓ' வாங்கிக் குடித்துவிட்டு, தேக்காவுக்குப் பேருந்து ஏறுகிறார். பதினெட்டாவது வரைவில் அதே தாயார் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து வெளியேறி, சிற்றுண்டிச்சாலையில் கடுங்காப்பி அருந்துகிறார். மொழி தூய்மையாகிவிட்டது, ஆனால் அந்தப் பெண்மணி எந்த ஊரிலும் வாழாதவராகிவிட்டார். சிங்கப்பூர்த் தமிழைப் பிழையென்று எண்ணி அழிக்கும் இந்தப் பழக்கம்தான் என்னை மிகவும் வருத்துகிறது.

ஒற்றுப் பிழைக்கு அஞ்சுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: நான் திருத்துநராகப் பணியாற்றிய காலத்தில், வல்லின ஒற்று விடுபட்டது என்பதற்காக ஒரு நல்ல கதையைத் திருப்பி அனுப்பியதே இல்லை. அதைச் சரிசெய்வது எங்கள் வேலை.

ஒவ்வொரு வரைவையும் தேதியிட்டுத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். பழையதன் மேலேயே எழுதாதீர்கள். இரண்டு வாரம் கதையை மூடி வைத்துவிட்டு, பிறகு வாய்விட்டுப் படியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பத்துப் பேரிடம் கருத்துக் கேட்காதீர்கள். நம்பும் ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். மாற்றிய சொல்லைப் பழையபடி மாற்றத் தொடங்கிய அன்றே கோப்பை மூடுங்கள். தயவுசெய்து, இறுதி நாளுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள்.

அந்தத் தாதியிடம் நான்காவது வரைவைக் கேட்டு வாங்கினேன். அவர் அதை அழிக்காமல் வைத்திருந்தது என் நல்வாய்ப்பு. ஆறு ஒற்றுப் பிழைகள் இருந்தன; திருத்தி முடிக்க இருபது நிமிடங்கள் ஆயின. கதை இப்போது ஓர் இதழின் பரிசீலனையில் இருக்கிறது.