மேலிருந்து பார்த்த வரைபடம்: டூம் மேப் வேலை செய்யும் விதம்

1993 டிசம்பர் 10 அன்று இட் சாஃப்ட்வேர் வெளியிட்ட டூம் என்ற, அரக்கர்களைச் சுடும் கணினி விளையாட்டுக்கு ரசிகர்கள் இன்றும் புதிய மேப்களை, அதாவது ஆட்டக் களங்களை, செய்துவருகிறார்கள். பழைய நினைவின் பாசம் மட்டும் இதற்குக் காரணமில்லை. ஜான் கார்மாக் எழுதிய, விளையாட்டை இயக்கும் நிரலான இன்ஜின் ஒரு பக்கம், சுவரும் அரக்கர்களும் ஒலியும் அடங்கிய தரவு இன்னொரு பக்கம் என்று விளையாட்டு தொடக்கத்திலேயே இரண்டாகப் பிரிந்திருந்தது. தரவு முழுவதும் வாட் என்னும் ஒரே வகைக் கோப்பில் இருக்கிறது.

வாட் கோப்பின் அமைப்பு மிக எளிது. முதல் 12 பைட்டில் கோப்பின் வகை, உள்ளே எத்தனை லம்ப் (தரவுத் துண்டு) உள்ளன, அவற்றின் பட்டியல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற மூன்று செய்திகள் இருக்கும். பட்டியலில் ஒவ்வொரு லம்புக்கும் 16 பைட்: எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம், எட்டு எழுத்துக்குள் ஒரு பெயர். இன்ஜின் ஒரு பெயரைத் தேடும்போது பட்டியலைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் பார்க்கிறது. அதனால் பிறகு ஏற்றிய ரசிகர் கோப்பில் அதே பெயர் இருந்தால் அதுதான் முதலில் கண்ணில் படும். மூல விளையாட்டின் ஒரு பைட்டைக்கூடத் தொடாமல் முதல் மேப்பையே மாற்றிவிட முடிவது இதனால்தான். முப்பது ஆண்டுகளாக ஓடும் ஒரு கலை இந்த ஒரு தேடல் முறையின் மேல் நிற்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

மேப் என்பது மேலிருந்து பார்த்து வரைந்த தட்டையான வரைபடம். புள்ளிகளை இணைப்பவை லைன்டெஃப். அவற்றால் சூழப்பட்ட பரப்பு செக்டர். ஒவ்வொரு செக்டருக்கும் ஒரு தரை உயரம், ஒரு கூரை உயரம், 0 முதல் 255 வரை ஒரு வெளிச்ச அளவு. உயரம் என்று இருப்பவை இவ்விரண்டும்தான். ஒரே இடத்தில் இரண்டு தரை இருக்க முடியாது. அதனால் மேலேயும் நடந்து கீழேயும் நடக்கும்படி ஒரு பாலம் கட்ட மூல டூமில் வழியில்லை.

இந்தத் தட்டை வரைபடம் முப்பரிமாணமாகத் தோன்றுவதற்கு நோட் பில்டர் என்ற நிரல் முன்கூட்டியே ஒரு வேலை செய்து வைக்கிறது. மேப்பை ஒரு கோட்டால் இரண்டாக வெட்டும், ஒவ்வொரு பாதியையும் மீண்டும் வெட்டும், உட்குழிவு இல்லாத சிறு துண்டுகள் கிடைக்கும்வரை வெட்டிக்கொண்டே போகும். விளையாடும்போது இன்ஜின் ஒவ்வொரு வெட்டுக் கோட்டிடமும் ஒரே கேள்வி கேட்கிறது: ஆட்டக்காரர் எந்தப் பக்கம் நிற்கிறார்? அந்தப் பக்கத்தை முதலில் வரைந்துவிட்டு, மறுபக்கத்துக்குப் பிறகு போகிறது. இப்படி அருகில் உள்ள சுவர் முதலில் வரும். திரையில் உள்ள 320 நெடுவரிசைகளில் ஒன்றை ஒரு முழுச்சுவர் அடைத்துவிட்டால், அதன் பின்னால் இருப்பதை அந்த நெடுவரிசையில் வரையத் தேவையே இல்லை.

ஆட்டக்காரர் தலையை மேலே கீழே சாய்க்க முடியாததற்கும் காரணம் இங்கேதான். பார்வை நேராக இருக்கும்வரை, ஒரு சுவரின் ஒரு நெடுவரிசையில் உள்ள எல்லாப் புள்ளிகளுக்கும் ஆழம் ஒன்றுதான். தரையில் ஒரு கிடைவரிசை முழுவதற்கும் அப்படியே. ஆகவே தூரக் கணக்கைப் புள்ளிக்குப் புள்ளி போடாமல் வரிசைக்கு ஒருமுறை போட்டால் போதும். அன்றைய 486 கணினியில் டூம் வேகமாக ஓடியதற்கு இது பெரிய காரணம். தலையைச் சாய்த்தால் இந்தச் சமன்பாடு உடைந்துவிடும்.

மேப் செய்ய இன்று பெரும்பாலோர் அல்டிமேட் டூம் பில்டரைப் பயன்படுத்துகிறார்கள். ஸ்லேடும் நல்ல கருவிதான். வரையத் தொடங்குமுன் சில அளவுகள் மனப்பாடமாக இருக்கட்டும்: ஆட்டக்காரரின் உயரம் 56 அலகு, அகலம் 32, கண் மட்டம் 41, ஏறக்கூடிய படி அதிகபட்சம் 24. தரைப் படங்கள் 64க்கு 64 அளவில் கட்டத்தோடு ஒட்டியே விழும். எனவே அறைகளை 64இன் மடங்கில் வைத்தால் ஓடு பாதியில் வெட்டுப்படாது. மேன்கியூபஸ் போன்ற பருத்த அரக்கனுக்கு 96 அகலம். 96 அகல வழி அவனுக்குப் போதாது, 128 கொடுங்கள்.

முதல் மேப்பில் பலரும் தடுக்கி விழுவது கதவில். இரண்டு அறைகளுக்கு நடுவே 128 அகலம், 16 கனத்தில் ஒரு செக்டர் வரைந்து, அதன் கூரையைத் தரை மட்டத்துக்கு இறக்குங்கள். அறைகளைப் பார்த்திருக்கும் இரண்டு கோடுகளுக்கும் மேல் டெக்ஸ்சராக, அதாவது சுவரின் மேற்பகுதியில் ஒட்டும் படமாக, கதவுப் படமும், 1 என்ற செயல் எண்ணும் கொடுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் முன்பக்கம், பின்பக்கம் உண்டு. எடிட்டரில் கோட்டின் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முள் முன்பக்கத்தைக் காட்டும். அந்த முள் அறையை நோக்கி இருக்க வேண்டும், ஏனென்றால் கோட்டின் பின்னால் உள்ள செக்டரைத்தான் இன்ஜின் கதவாகத் திறக்கிறது. திசை தவறினால் எவ்வளவு அழுத்தினாலும் கதவு திறக்காது. பக்கச் சுவர்களுக்கு, படத்தை நகராமல் பிடித்துவைக்கும் லோயர் அன்பெக்டு குறியை இட மறந்தால் கதவோடு சேர்ந்து நிலையும் மேலே ஏறுவதுபோல் தெரியும்.

பிழைகளைத் திரையே காட்டிக்கொடுக்கும். சுவருக்கு டெக்ஸ்சர் கொடுக்காமல் விட்டால் அந்த இடத்தில் இன்ஜின் எதையும் வரையாது. முந்தைய பிரேமின் படமே அங்கே தங்கி, நகர நகரக் கண்ணாடி மாளிகைபோல இழுபடும். நடக்கும்போது தரையில் மெல்லிய கீற்று வழிந்தால் அது நோட் பில்டரின் விளைவு: கோட்டை வெட்டிய புதிய புள்ளி முழு எண்ணாகச் சுருக்கப்பட்டதால் சுவர் இம்மி அளவு விலகியிருக்கிறது. அருகிலுள்ள ஒரு புள்ளியைச் சில அலகுகள் நகர்த்தி மறுபடி சேமித்தால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

மூன்றாவது பிழை கொடியது. உயரம், படம், வெளிச்சம் மூன்றும் ஒத்த தரை அல்லது கூரைப் பகுதியை இன்ஜின் விஸ்பிளேன் என்று கணக்கிடுகிறது. மூல இன்ஜினில் ஒரே காட்சியில் 128க்கு மேல் தேவைப்பட்டால் விளையாட்டு அப்படியே நின்று, அன்றைய இயங்குதளமான டாஸுக்குத் திரும்பிவிடும். பெரிய முற்றத்தில் பல உயரப் படிகளும் பல வெளிச்சப் பட்டைகளும் சேர்ந்து தெரிந்தால் இது நேரும். வழியை ஒரு திருப்பத்தால் மறையுங்கள், பக்கத்துப் பகுதிகளின் வெளிச்சத்தை ஒன்றாக்குங்கள். பழைய மேப்களில் இத்தனை வளைந்த நடைகள் இருப்பதற்கு இந்த வரம்பும் ஒரு காரணம். 1997 டிசம்பர் 23 அன்று மூல நிரல் வெளியானபின் வந்த இன்ஜின்கள் பல இந்த வரம்பை நீக்கிவிட்டன.

இந்தக் கட்டமைப்பின் அழகு முழுமையாகத் தெரிவது பதுங்கறைப் பொறியில், அதாவது ஒளித்துவைத்த அரக்கர்கள் திடீரென்று ஆட்டக்காரர் முன் வந்து இறங்கும் ஏற்பாட்டில். துப்பாக்கி வெடித்ததும் ஓசை ஆட்டக்காரர் நிற்கும் செக்டரிலிருந்து, திறந்திருக்கும் இருபக்கக் கோடுகள் (இரு புறமும் செக்டர் உள்ளவை) வழியாகச் செக்டர் செக்டராகப் பரவும். மூடிய கதவு தடுக்கும். ஓசைத் தடை இட்ட கோடு ஒன்றைத் தாண்டும், இரண்டாவதைத் தாண்டாது. மேப்பின் ஒதுக்குப்புறத்தில் மூடிய அறை கட்டி அரக்கர்களை நிரப்புங்கள். அதை ஆட்டக்காரர் முதலில் சுடப்போகும் கூடத்தின் செக்டரோடே சேர்த்துவிடுங்கள். வரைபடத்தில் தொலைவில் இருந்தாலும் ஒரே செக்டர் என்பதால் ஓசை உடனே சேர்ந்துவிடும். விழித்தவர்கள் ஆட்டக்காரரை நோக்கி நடப்பார்கள். வழியில், தாண்டுபவரை வேறிடத்துக்குத் தாவவைக்கும் 97 எண்ணுள்ள டெலிபோர்ட் கோடுகளை வையுங்கள், அதே டேக் (கோட்டையும் செக்டரையும் இணைக்கும் எண்) கொண்ட செக்டரில், இறங்குமிடத்தைக் குறிக்கும் 14ஆம் எண் பொருளை வையுங்கள். கோட்டை முன்பக்கமிருந்து தாண்டினால்தான் வேலை செய்யும். இறங்கும் இடத்தில் இன்னொருவன் நின்றால் தாண்டல் தோற்கும், அதனால் இறங்குமிடங்களைப் பல செக்டர்களில் பிரித்துவிடுங்கள்.

விளையாடியதைப் பதிவுசெய்யும் டெமோ கோப்பில் வீடியோ எதுவும் இல்லை. விளையாட்டு நொடிக்கு 35 துடிப்பில் ஓடுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னே, பக்கவாட்டில், திரும்பல், பொத்தான் என 4 பைட் மட்டுமே பதிவாகும். மூன்று நிமிட ஆட்டம் ஏறக்குறைய 25,200 பைட்டுக்குள் அடங்கும். தற்செயல் என்று தோன்றுவதெல்லாம் 256 எண்கள் கொண்ட நிலையான பட்டியலிலிருந்து வருவதால், அதே சாவிகளை அதே துடிப்பில் அழுத்தினால் அரக்கர்களும் அன்றுபோலவே நகர்வார்கள். ஒரே ஒரு எண் முன்பின்னாக எடுக்கப்பட்டாலும் ஆட்டம் வேறு திசையில் போய், பதிவான வீரர் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பார். ஆகவேதான் டிஎஸ்டிஏ டூம் போன்ற இன்ஜின்களில் காம்ப்லெவல் என்ற அமைப்பு இருக்கிறது: 2 என்றால் பழைய 1.9 பதிப்பின் நடத்தை, 9 என்றால் மூல நிரலிலிருந்து பிறகு உருவான பூம் இன்ஜினின் நடத்தை. மேப்பை வெளியிடும்போது எந்த எண்ணில் சோதித்தீர்கள் என்று உடன் வரும் உரைக் கோப்பில் எழுதிவிடுங்கள்.