வயற்காணி வாங்க முன்: உறுதியா, பெர்மிற்றா, அளிப்பா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் காணி விலைக்கு வரும்போது விற்பவர் முதலில் சொல்வது, "பத்திரமெல்லாம் சரியாக இருக்கு" என்பதைத்தான். என்ன பத்திரம் என்று கேட்டு, மூலப்பிரதியைக் கையில் வாங்கிப் பாருங்கள். அம்பாறைப் பக்கம் கல்லோயாக் குடியேற்றக் காணிகளுக்கும் இதே கேள்விதான்.

உறுதிக் காணி என்றால் அது தனியார் காணி. நொத்தாரிசு முன்னிலையில் அறுதி உறுதி முடித்து வாங்கலாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் எழுதிய காணி விற்பனை செல்லாது. முத்திரை ஒட்டி, விதானையார் பார்த்திருக்கக் கையொப்பம் வைத்தாலும் அது வெறும் கடதாசிதான்.

பெர்மிற் காணி வேறு. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகம் கொடுத்த அனுமதிப்பத்திரம் அது. இருந்து பயிர் செய்யும் உரிமை அவருக்கு, காணி அரசினது. நிபந்தனையை மீறினால் பெர்மிற்றை நீக்கவும் முடியும். அதே சட்டத்தின் அடுத்த படி அளிப்புப் பத்திரம். அளிப்புக் காணியை விற்கலாம். ஆனால் பிரதேச செயலாளரின் எழுத்துமூல ஒப்புதல் முன்கூட்டியே கிடைத்திருக்க வேண்டும். ஒப்புதல் இல்லாமல் முடித்த உறுதி சட்டத்தின் முன் வெறுமையானது. எவ்வளவு காசு கைமாறியிருந்தாலும் கணக்கில்லை.

இங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். "விற்க ஏலாது, அற்றோணித் தத்துவம் எழுதித் தாறன், நீங்க செய்து சாப்பிடுங்க" என்பார்கள். அற்றோணித் தத்துவம் என்பது தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். கொடுத்தவர் கண்ணை மூடியதோடு அது முடிந்துபோகும். அடுத்த நாளே பின்னுரித்தாளி, அதாவது அவருக்குப் பிறகு காணிக்கு உரியவராகப் பெயர் குறிக்கப்பட்டவர், வந்து வரம்பில் நிற்பார். உங்களிடம் காட்ட எதுவும் இருக்காது. கணவர் இறந்தபின் மனைவி விற்க வந்தால் இன்னும் கவனம் வேண்டும். பின்னுரித்தாளியாகப் பெயர் குறிக்கப்படாத மனைவிக்குச் சீவியகாலம் வரை அனுபவிக்கும் உரிமைதான் உண்டு, விற்கும் உரிமை இல்லை. பிரதேச செயலகக் காணி உத்தியோகத்தரிடம் போய், காணிப் பேரேட்டில் யார் பெயர், பின்னுரித்தாளி யார் என்ற இரண்டையும் பாருங்கள். நினைத்தபடி துண்டாகவும் வாங்க முடியாது. எவ்வளவுக்குக் கீழே பிரிக்கக்கூடாது என்பது அளிப்புப் பத்திரத்திலேயே எழுதியிருக்கும்.

உறுதிக் காணியென்றால் தேடுதல் காணிப் பதிவகத்தில். மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை மூன்றிலும் பதிவகம் உண்டு. காணி எதற்குள் விழுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முப்பது வருடத்துக்குப் பின்னோக்கிப் பார்ப்பது வழக்கம்: ஈடு, வழக்கு, முன்னைய விற்பனை. உங்கள் உறுதியையும் உடனே பதியுங்கள். பதியாமல் வைத்திருக்கும் உறுதியை, அதே காணியைப் பிறகு விலைக்கு வாங்கி முதலில் பதிந்தவருடைய உறுதி வென்றுவிடும்.

அளவை நீங்களே கணக்குப் பாருங்கள். 40 பேர்ச் ஒரு றூட், 4 றூட் ஒரு ஏக்கர். உறுதியில் "ஏ.2 றூ.1 பே.20" என்றிருந்தால் 320, 40, 20 கூட்டி 380 பேர்ச், அதாவது 2.375 ஏக்கர். இரண்டரை என்று வாயால் சொன்னால் 20 பேர்ச்சுக்கு வீணாகக் காசு கொடுப்பீர்கள். பழைய உறுதிகளில் நாலெல்லை "கிழக்கு வாய்க்கால், மேற்கு இன்னார் வயல்" என்றுதான் இருக்கும். வாய்க்கால் இடம் மாறியிருக்கும், இன்னாரும் இருக்கமாட்டார். ஆகவே உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து வரைபடம் எடுத்த பிறகே முற்பணம் கொடுங்கள்.

பங்கு பிரியாத காணியும் இங்கே நிறைய. யாழ்ப்பாணத்துத் தேசவழமை மட்டக்களப்புத் தமிழருக்குப் பொருந்தாது. மரணசாசனம் இல்லாமல் ஒருவர் இறந்தால் பாதி வாழ்க்கைத்துணைக்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம் குடும்பமென்றால் பங்கு இஸ்லாமியச் சட்டப்படி. முழுக் காணியையும் வாங்கப் பங்காளர் அத்தனை பேரின் கையொப்பமும் வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் இருந்தாலும் அவருடையதும்தான்.

வயலென்றால் கமநல சேவை நிலையத்துக்குப் போகாமல் முடிவெடுக்காதீர்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி குத்தகைச் செய்கைக்காரர் பதிவில் இருந்தால், காணி கைமாறினாலும் அவரை எழுப்ப முடியாது. எழுத்துமூல அனுமதி இல்லாமல் வயலை மண் போட்டு நிரப்பி வீடு கட்டவும் ஏலாது. தண்ணீரைப் பற்றி அந்த வயற்கண்டத்தின் நீர்ப்பாய்ச்சலைக் கவனிக்கும் வட்டவிதானையிடம் கேளுங்கள்: மானாவாரியா, உன்னிச்சையோ நவகிரியோ போன்ற குளத்துப் பாய்ச்சலா, சிறுபோகத்தில் கடைசி வாய்க்கால் வரை தண்ணீர் வருமா. விலையில் பெரிய வித்தியாசம் இதில்தான்.

வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு ஒன்று. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயருக்குக் காணியை விற்க முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் வாங்கலாம். நம்பிக்கைக்கு உறவினர் பெயரில் எழுதினால், சட்டப்படி காணி அவருடையது.

ஓய்வுக்குக் கொட்டில் போட, வேட்டையாட என்று வாங்குவோரும் உண்டு. கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுமானத்துக்குக் கரையோரத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பொழுதுபோக்கு வேட்டைக்கு இங்கே இடமே இல்லை. மானும் மரையும் உங்கள் வேலிக்குள் வந்தாலும் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அவற்றைக் காக்கிறது. பயிர்க்காவல் துவக்குக்கான அனுமதி ஆளுக்குத்தான், காணிக்கு அல்ல. விற்பவரின் துவக்கை நீங்கள் எடுத்து வைத்திருக்க முடியாது. பன்றிக்கென்று வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சுவது குற்றம். இரவில் வரம்பால் வரும் மனிதரும் யானையும் அதில்தான் சாகிறார்கள். அப்படிக் கம்பி கட்டிய காணியை வாங்கினால், முதல் நாளே அவிழ்த்துவிடுங்கள்.