மாலை போட்டிருந்தப்ப எப்படி இருந்தாரு?

குடிக்குப் பின்னால வேற மனநோய் மறைஞ்சிருந்த கேஸ், இந்த மாசத்துல இது நாலாவது, அதான் எழுத உட்கார்ந்துட்டேன். (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்கள மாத்தியிருக்கேன்.)

நாப்பது வயசுக்காரர், ரெண்டு காதுலயும் பஞ்சு. சளித்தொல்லைன்னு வீட்ல நினைச்சிருக்காங்க. மூணு தடவை மறுவாழ்வு மையத்துல சேர்த்தும் வெளிய வந்த வாரமே மறுபடி குவார்ட்டர். நான் அவர் மனைவிகிட்ட வழக்கமா கேக்குறதத்தான் கேட்டேன், சபரிமலைக்கு மாலை போட்டிருந்தப்ப எப்படிம்மா இருந்தாருன்னு. "அப்பத்தான் சார் ரொம்ப மோசம், தூங்கவே மாட்டாரு, டிவில என்னைப் பத்தியே பேசுறாங்கன்னு ஆஃப் பண்ணிடுவாரு, மாலையைக் கழட்டிக் குடிச்சப்புறம்தான் அடங்குனாரு"ன்னாங்க. அவர் நிமிராமலே சொன்னாரு: "குடிச்சாத்தான் சார் அவங்க சத்தம் கொறையுது."

காதுல கேட்ட அந்தக் குரல்கள அடைக்கத்தான் பஞ்சு. அது எதுக்குன்னு நாலு வருஷமா ஒருத்தரும் கேக்கல.

"எல்லாத்துக்கும் குடிதான் காரணம், மொதல்ல அத நிறுத்தட்டும், மீதி தானா சரியாயிடும்" – வீட்டாளுங்க சொன்னா புரியுது, டாக்டர்களே சொல்லி அனுப்புறாங்க! குடியால வர்ற மனச்சோர்வு உண்டு, நிறுத்துன 2-4 வாரத்துல பெரும்பாலும் தெளிஞ்சிடும். குடியால குரல் கேக்குறதும் உண்டு, அதுவும் பெரும்பாலும் அடங்கிடும். ஆனா விரதம் இருந்த 41 நாளும் சொட்டு தொடாமலே குரல் கேட்டுச்சுன்னா, இல்ல குடிக்கவே ஆரம்பிக்காத வயசுலயே கேட்டுச்சுன்னா, அது பெரும்பாலும் தனி நோய். மனச்சிதைவோ (ஸ்கிசோஃப்ரினியா), மனநிலை ரொம்ப ஏறி இறங்குற பைபோலாரோ, எதுவானாலும் குடிக்கும் அதுக்கும் ஒண்ணா வைத்தியம் பாக்கணும், ஒண்ணு முடியட்டும் அப்புறம் பாப்போம்னா ரெண்டுமே முடியாது.

தயவுசெஞ்சு குடிய நிறுத்துற மருந்த அவருக்குத் தெரியாம சாம்பார்ல கலக்காதீங்க. அது டைசல்ஃபிராமா (குடிச்சா உடம்புக்கு ஒத்துக்காம பண்ற மாத்திரை) இருந்து அது மேல அவர் குடிச்சா உயிருக்கே ஆபத்து, மனச்சிதைவு இருந்தா அதையும் கிளறி விட்டுடும். தினமும் நிறைய குடிக்கிறவர மாலை போட்டு ஒரே நாள்ல நிறுத்த வைக்காதீங்க. 2 நாளுக்குள்ள வலிப்பு வரலாம், மூணாம் நாள் வாக்குல ஆள் தெரியாம உளறலாம், அத சாமிக்குத்தம்னு சொல்லி நேரத்தக் கடத்தாதீங்க. முன்கூட்டியே வந்தா மருந்து குடுத்துப் பாதுகாப்பா நிறுத்தலாம். (ஜூனியர் டாக்டர்கள் கவனிங்க, குளுக்கோஸ் ஏத்துறதுக்கு முன்னாடி தயமின், அதாவது வைட்டமின் பி1!) குடிச்ச அன்னைக்கு எந்த மாத்திரை குடுக்கலாம், எது கூடாதுன்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க, நீங்களா மொத்தத்தையும் நிறுத்தாதீங்க. தூக்க மாத்திரைய மட்டும் சரக்கோட சேர்க்கவே கூடாது.

எங்க போறதுன்னு தெரியலன்னா 14416, அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ், இலவசம், தமிழ்லயே பேசலாம். டாக்டர்கிட்ட போறப்ப பழைய சீட்டெல்லாம் எடுத்துட்டுப் போங்க, குடிக்காம இருந்த நாள்ல அவர் எப்படித் தூங்குனாரு, என்ன பேசுனாருன்னு ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போங்க.